தொலை ரோபோ அறுவை சோதனை மேடை: ஜிட்டருக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். 2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் இருந்தபடி பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த நோயாளியின் பித்தப்பையை அறுவை மருத்துவர் மாரெஸ்கோவின் குழு ஜீயஸ் ரோபோவால் அகற்றியபோது தாமதம் சுமார் 155 மில்லிநொடி. தனி ஃபைபர் இணைப்பு. சாதா இணையத்தில் தாமதம் ஏறி இறங்கும் (இதுதான் ஜிட்டர்); அதுதான் தலைவலி. நிலையான தாமதத்துக்குக் கை பழகிவிடும், ஜிட்டருக்குப் பழகாது.

எங்கள் மேடையில் கை அசைவு நொடிக்கு 1000 யூடிபி பாக்கெட்டாகப் போகிறது (யூடிபி: வந்து சேர்ந்ததா, வரிசையில் வந்ததா என்று பார்க்காத அனுப்பு முறை). லினக்ஸ் நெட்எம்மில் (செயற்கையாகத் தாமதம் சேர்க்கும் கருவி) 150±20 மில்லிநொடி வைத்தால் பாக்கெட்டுகள் முன்பின்னாக வந்து, கருவிமுனை பின்னோக்கித் துள்ளுகிறது. வரிசை எண் பார்த்துப் பழையதைத் தள்ளினால் துள்ளல் நிற்கிறது. அசைவு வெட்டி வெட்டி வருகிறது. 40 மில்லிநொடி பஃபர் (பாக்கெட்டுகளைச் சற்றே நிறுத்திவைத்து வரிசையாக விடும் இடம்) வைத்தால் அசைவு சீராகப் போகிறது, ஆனால் தாமதம் கூடுகிறது. விசை உணர்வை (கருவிமுனையில் படும் விசையைக் கைப்பிடியில் உணரவைப்பது) இயக்கினாலோ கைப்பிடியே நடுங்குகிறது (இப்போதைக்கு அணைத்தாச்சு).

ஜிட்டருக்கேற்பத் தானே அளவு மாறும் பஃபர் யாராவது எழுதியிருக்கிறீர்களா? இணைப்பு அறுந்தால் எத்தனை மில்லிநொடியில் ரோபோ கையை நிறுத்துகிறீர்கள்?