டர்பன் குளக்கரையில் பறவை மறைகுடில்: ஜன்னல் எந்தப் பக்கம்?

கேள்வி (குளக்கரை):
நன்னீர்க் குளத்தின் தென்கரையில் பொதுமக்களுக்கு மறைகுடில் (பறவைகள் கண்ணில் படாமல் உட்கார்ந்து அவற்றைப் பார்க்கும் குடில்) கட்டப்போகிறோம். 8 பேர் உட்காரணும், சக்கர நாற்காலியும் வரணும். ஜன்னல்கள் வடக்கே பார்க்கின்றன. சரியா? கம்பத்துக்கு என்ன மரம்?

மீன்கொத்தி:
இடத்தையே மாத்துங்க அண்ணே. நம்ம டர்பன் தென்னாப்பிரிக்காவில், பூமத்திய ரேகைக்கு ரொம்பத் தெற்கே இருப்பதால் உச்சிவெயில் ஆண்டு முழுக்க வடக்கேதான். வடக்கே பார்த்தால் கண் கூசும், பறவை கருநிழலாகத்தான் தெரியும். வடகரையில் கட்டித் தெற்கே திறப்பு வையுங்க. இந்தியாவில் வரைந்த படங்களை அப்படியே எடுத்தால் இந்தத் தப்புதான் வரும்.

ஆளுக்கு 65 செ.மீ., நாற்காலிக்கு 90. ஆக 8 பேருக்கும் ஒரு நாற்காலிக்கும் குறைந்தது 6.1 மீட்டர் நீளம் வேணும். பெஞ்சு உயரம் 45 செ.மீ., பார்வைத் துளை தரையிலிருந்து 1 முதல் 1.25 மீட்டர் வரை. குழந்தைகளுக்கு ஒன்று 80 செ.மீ.யில். நாற்காலி இடத்தில் பெஞ்சு வேண்டாம்; முழங்கால் நுழைய, தொலைநோக்கி வைக்கும் பலகைக்குக் கீழே 70 செ.மீ. விடுங்க. பின்சுவரில் திறப்பே கூடாது. வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் உள்ளே அசையும் தலை பறவைக்குத் தெரிந்துவிடும்.

தச்சன்:
மண்ணில் ஊன்றும் கம்பத்துக்கு ஹெச்4 பைன் (ஹெச் எண் என்பது மரத்துக்கு ஏற்றிய அழுகல் தடுப்பு மருந்தின் தரம்). தண்ணீரிலேயே நின்றால் ஹெச்5. அறுத்த முனையை மண்ணுக்குள் விடாதீங்க, மருந்து ஏறாத நடுமரம் அழுகும். சாதா ஆணி அந்த மருந்தில் துருப்பிடிக்கும். கால்வனைஸ் போல்ட் போடுங்க. தொலைநோக்கி வைக்கும் பலகையைப் பெஞ்சோடு இணைக்காதீங்க, ஒருத்தர் எழுந்தாலே எல்லார் பார்வையும் ஆடும்.

குளக்கரை:
வரும் பாதைக்கும் மறைப்பு வேணுமா?

மீன்கொத்தி:
கட்டாயம். 1.8 மீட்டர் உயர நாணல் தட்டி, வாசல் வரைக்கும். அது இல்லாவிட்டால் நீங்க உட்காரும் முன்னே கொக்கெல்லாம் பறந்திருக்கும்.