உனோ போர்டுல இஎஸ்பி-01 மாட்யூல் இனிஷியலைஸ் ஆகவே மாட்டேங்குது, மீட்டர்ல 3.3 வோல்ட் கரெக்டாதான் இருக்கு

மின்மினி:
ரெண்டு நாளா மண்டை காயுது, யாராவது பாத்து சொல்லுங்க. ஆர்டுயினோ உனோ (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) கூட இஎஸ்பி-01 வைஃபை மாட்யூல். பவர் உனோவோட 3.3 பின்லேந்து, ரெண்டும் பேசிக்கற சீரியலுக்கு சாஃப்ட்வேர் சீரியல் (சாதா பின்கள வச்சு கோடுலயே சீரியல் ஓட்டுற லைப்ரரி), 115200 பாட் ரேட், அதாவது டேட்டா வேகம். பத்து தடவ ஆன் பண்ணா எட்டு தடவ மாட்யூல் இல்லன்னு பிரிண்ட் ஆகுது, மீதி ரெண்டு தடவ இனிஷியலைஸ் ஆகி வைஃபைல கனெக்ட் ஆகப் போறப்ப செத்துடுது. சிவப்பு லைட் நல்லா எரியுது, நீல லைட் ஒரு தடவ மினுக்கிட்டு அடங்கிடுது. மீட்டர் வச்சு பாத்தேன் 3.3 அப்படியே நிக்குது, அதனால பவர் பிரச்சன இல்ல. லைப்ரரிய மூணு தடவ மாத்திட்டேன். மாட்யூலே டெட்டா?

சாலிடர்_சித்தன்:
மீட்டர நம்பித்தான் பாதி பேர் நல்ல மாட்யூல தூக்கிப் போடறாங்க. மீட்டர் காட்டுறது சராசரி, சில மில்லிசெகண்டு வோல்டேஜ் குழி விழுந்தா அதுக்கு தெரியவே தெரியாது. உனோவோட 3.3 பின் 50 மில்லிஆம்ப் வரைக்கும்தான். மாட்யூல்ல இருக்கற இஎஸ்பி8266 சிப் சும்மா டிரான்ஸ்மிட் பண்ணும்போதே 170 கிட்ட இழுக்கும், நடுவுல வர்ற பீக்ல 300ஐயும் தாண்டும். கனெக்ட் ஆகப் போறப்ப சாகுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே, ரேடியோ முழிக்கிற நேரம் அதான். ஏஎம்எஸ்1117 3.3 ரெகுலேட்டர் ஒண்ண 5 வோல்ட்லேந்து தனியா போடுங்க, மாட்யூல் கால்கிட்டயே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் ஒரு 0.1ம் வைங்க. தள்ளி வச்சா பிரயோஜனம் இல்ல, ஒயரே பாதிய முழுங்கிடும்.

கருப்புப்பூனை:
சித்தன் சொன்னதோட இன்னொண்ணு. உனோ டிஎக்ஸ் (அனுப்புற பின்) 5 வோல்ட், மாட்யூல் ஆர்எக்ஸ் (வாங்குற பின்) 3.3. நேரா குடுத்திருந்தா இன்னிக்கு ஓடும், என்னிக்கு போகும்னு சொல்ல முடியாது. நடுவுல 1கே ரெசிஸ்டர், ஆர்எக்ஸ்லேந்து கிரவுண்டுக்கு 2கே போடுங்க, 3.3 கிட்ட வந்துடும். சிப்ப ஆன் பண்ற சிஎச்பிடி பின்ன 10கே வழியா 3.3ல கட்டியிருக்கீங்களா? அத அந்தரத்துல விட்டா சிப் ஆன் ஆகறதே அதிர்ஷ்டம்தான். ஜிபிஐஓ0 பின் ஆன் ஆகறப்ப எங்கயாச்சும் கிரவுண்ட தொட்டா ஃபிளாஷ் மோடுக்கு (புது புரோகிராம் ஏத்துற மோடு) போய் ஊமையா உக்காந்துடும், அதையும் பாருங்க.

மின்மினி:
சிஎச்பிடி அந்தரத்துலதான் இருந்துச்சு 🙈 எல்லாம் மாத்தியாச்சு. நடுவுல ரெகுலேட்டர் கிரவுண்டையும் உனோ கிரவுண்டையும் சேக்காம ஒரு மணி நேரம் முழிச்சது தனி கதை. இப்ப ஆஃப் ஆகறதில்ல, ஆனா சீரியல் மானிட்டர்ல கட்டம் கட்டமா குப்பையா கொட்டுது, அப்புறம் ஓகேன்னு வரவேண்டிய எடத்துலயும் எழுத்து ஒண்ணு ரெண்டு முழுங்கி வருது.

சாலிடர்_சித்தன்:
அது ரெண்டு வேற வேற குப்பை. ஆரம்பத்துல வர்றது ஒண்ணும் இல்ல, சிப்புக்குள்ளயே இருக்கற ஸ்டார்ட்அப் புரோகிராம் (ரோம் கோடு) 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்னு நெனச்சு 115200ல பேசுது, மாட்யூல்ல இருக்கறது 26, அதனால நெசத்துல 74880ல வருது, நீங்க 115200ல கேட்டா குப்பைதான். அத விட்ருங்க. ரெண்டாவதுதான் உங்க லைப்ரரிய குழப்புது, உனோல சாஃப்ட்வேர் சீரியல் 115200ல வாங்க தெணறும். அனுப்புறது பெரும்பாலும் ஒழுங்கா போயிடும், அதனால 115200ல பிகின் பண்ணி வேகத்த மாத்துற கமாண்ட் ஏடி+யுஏஆர்டி_டெஃப்=9600,8,1,0,0 ஒரே ஒரு தடவ அனுப்பி, அப்புறம் 9600ல பிகின் பண்ணுங்க. பிரிண்ட் இல்ல, பிரிண்ட்எல்என், கடைசில சிஆர் எல்எஃப் (வரி முடிஞ்சுதுன்னு சொல்ற ரெண்டு எழுத்து) ரெண்டும் போகலன்னா அது கண்டுக்காது. மாட்யூல் ஃபிளாஷ்ல சேவ் ஆயிடும், அந்த வரிய அப்புறம் எடுத்துடலாம்.

மின்மினி:
அண்ணா வேல செய்யுது!! ஐபி வந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணு, உனோ ரீசெட் பட்டன அமுக்கினா மட்டும் சில நேரம் மறுபடி இனிஷியலைஸ் ஃபெயில். ஒயர புடுங்கி மாட்டினா சரியாகுது.

கருப்புப்பூனை:
உனோ மட்டும்தான் ரீசெட் ஆகுது, மாட்யூல் பழைய கனெக்‌ஷன் நடுவுலயே நிக்குது, பாதி பேச்சுல புது ஆள் வந்து ஹலோ சொன்ன மாதிரி. மாட்யூலோட ஆர்எஸ்டிய (ரீசெட் பின்) உனோவோட 4வது பின்ல கட்டி, செட்டப்ல அவுட்புட் லோ வச்சு 50 மில்லிசெகண்டு கழிச்சு இன்புட்டா மாத்திடுங்க. ஹை எழுதவே கூடாது, 5 வோல்ட் போயிடும். அப்புறம் கண்மூடித்தனமா டிலே போடறதுக்கு பதிலா ரெடின்னு வரி வர்ற வரைக்கும் காத்திருங்க, 3 செகண்டுல வரலன்னா திரும்ப ரீசெட்.

மின்மினி:
போட்டாச்சு. வரிசையா முப்பது தடவ பட்டன அமுக்கி பாத்துட்டேன், ஒண்ணு கூட ஃபெயில் இல்ல. குப்பைல போட எடுத்து வச்ச இன்னொரு மாட்யூலையும் மாட்டினேன், அதுவும் உசுரோடதான் இருக்கு.