மரம் துளைக்கும் குட்டி வண்டு: யார் யார் பார்த்தீர்கள்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து எழுதுகிறேன். 2017-இல் எங்கள் ஊர் தாவரவியல் பூங்காவின் பிளேன் மரங்களில்தான் தென்னாப்பிரிக்காவில் இந்த வண்டை (ஷாட் ஹோல் போரர், PSHB என்பார்கள்) முதலில் அடையாளம் கண்டார்கள். பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா. இப்போது எங்கள் ஓடையோரத்தில் தானாக முளைத்த ஆமணக்கிலும் பார்த்துவிட்டேன். தண்டெங்கும் பேனா முனையளவு ஓட்டைகள், சுற்றிலும் ஈரக்கறை, அடியில் மரத்தூள். வண்டு 2 மில்லிமீட்டர்தான், எள்ளைவிடச் சின்னது.

அது மரத்தைத் தின்பதில்லை. வாயிலுள்ள நுண்ணிய பையில் பூஞ்சையைச் சுமந்து வந்து, துளைத்த சுரங்கத்தில் பயிராக்கி, அதைத்தான் தின்கிறது. பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களை அடைக்க, கிளை கிளையாகக் காய்கிறது. ஆண் வண்டுக்குப் பறக்கத் தெரியாது. பெண் வண்டு கூடப்பிறந்த ஆணோடு இணைந்த பிறகே வெளியேறுகிறது. ஆக, ஒரே ஒரு பெண் வண்டு போய்ச் சேர்ந்தாலே புது ஊரில் ஒரு கூட்டம் பெருகிவிடும். எனக்குப் பெரிய பயமே இதுதான்.

*

அண்ணா, நான் ஜோஹன்னஸ்பர்க். எங்கள் தெருவில் பாக்ஸ் எல்டர் என்கிற நிழல் மரங்கள் வரிசையாகப் பட்டுப்போய் வெயில் நேராக வீட்டுக்குள் அடிக்கிறது. வெட்ட வந்த ஆள் கட்டைகளைப் பக்கியில் (சின்ன சரக்கு வண்டி) ஏற்றி, வழியிலேயே பிராய் (இறைச்சி சுடும்) விறகாக விற்றார். வயிறு எரிந்தது. வண்டு தானாகப் பறக்கிற தூரம் கொஞ்சம்தான். தென்கரைப் பக்கத்து ஊர்களான நைஸ்னா, ஜார்ஜ் என்று அவ்வளவு தொலைவுக்கு அதைக் கொண்டுபோனதில் இந்த மாதிரி விறகுக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

*

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு அவகாடோ மரத்தில் வெள்ளையாகச் சர்க்கரைப் பொடி மாதிரி கசிகிறது. இதுவும் அதுதானா அண்ணா? பக்கத்தில் கல்யாண முருங்கை இனத்து மரம் ஒன்றும் இருக்கிறது, அது போய்விடுமோ என்று கவலையாக இருக்கிறது. வெட்டினால் என்ன செய்வது?

*

அவகாடோவில் அந்த வெள்ளைப் பொடி முக்கியமான அறிகுறி, தங்கச்சி. துடைத்துப் பாருங்கள், அடியில் ஓட்டை தெரியும். கல்யாண முருங்கை இனத்திலும் வண்டு குஞ்சு பொரிக்கும், அடிமரத்தையும் பாருங்கள். ஆனால் ஓட்டை விழுந்த எல்லா மரமும் சாவதில்லை, அவசரப்பட்டு வெட்டாதீர்கள். மோசமான கிளையை வெட்டினால் வாசல் தாண்ட விடாதீர்கள். 2.5 சென்டிமீட்டருக்கும் சிறிதாகச் சீவுங்கள், இல்லையென்றால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் விரிப்பால் இறுக மூடி கோடை வெயிலில் 6 வாரமாவது போடுங்கள். ரம்பத்தையும் துடைத்துவிடுங்கள்.

கேப் டவுன் பக்கம் இருப்பவர்களே, உங்கள் ஓக் மரங்கள் எப்படி இருக்கின்றன?