உலைக்கு எந்த இன்கோனல்? அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். பினாங்கு, பிறையில் ஓர் உலையின் பராமரிப்பைப் பார்க்கிறேன். 950 டிகிரி செல்சியஸில் நிற்கும் தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கருவி) உறைக்குழாய் நான்கே மாதத்தில் போய்விடுகிறது. நேற்று கழற்றியபோது 310 ரக எஃகு மரப்பட்டை போல அடுக்கடுக்காக உரிந்து கையோடு வந்தது.

விற்பனையாளர் இன்கோனல் எனும் நிக்கல்-குரோமியக் கலப்புலோகத்தில் 625 ரகத்தை வாங்கச் சொல்கிறார். அதில் 8 முதல் 10 விழுக்காடு மாலிப்டினம் உண்டு. கடல்நீருக்கு அருமையான உலோகம், இந்தச் சூட்டுக்கு அல்ல என்பது என் எண்ணம். குரோமியத்தோடு சிறிது அலுமினியமும் சேர்ந்த இன்கோனல் 601 மேலே கெட்டியான ஆக்சைடு படலம் கட்டும். ஆனால் எங்கள் எரியெண்ணெயில் கந்தகம் இருக்கிறது. நிக்கலும் கந்தகமும் கூடினால் 640 டிகிரி அருகிலேயே உருகும் கலவை உண்டாகிவிடும். அதுதான் பயம்.

கந்தகப் புகையில் 601 போட்டவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை மாதம் தாங்கியது? பீங்கான் உறைக்கே மாறிவிடலாமா? உலையை அடுத்து நிறுத்துவதற்குள் வாங்கியாக வேண்டும்.