மலை ஊர்களில் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தவர்களின் அனுபவங்கள்

உதகையிலிருந்து:

எங்கள் நான்கு சிலிண்டர் பெட்ரோல் வேன் ஏற்றத்தில் இழுக்கத் திணறியதால், அதை இங்குள்ள ஒரு பணிமனையில் விட்டிருந்தோம். அவர்கள் கம்ப்ரஷன் டெஸ்ட் (பிஸ்டன் காற்றைச் சுருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று கேஜ் வைத்து அளக்கும் சோதனை) எடுத்து 130, 132, 128, 131 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, பிஸ்டன் ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கி ரீபோர் செய்தே (சிலிண்டரைக் கடைந்தே) ஆக வேண்டும் என்றார்கள். கையேட்டில் நல்ல எஞ்சினுக்கு 175 என்றும், அதற்குக் கீழே போகக் கூடாத எல்லை 140 என்றும் இருந்தது. அதைக் காட்டித்தான் அவர்கள் பேசினார்கள். எனக்கோ நான்கு அளவுகளும் ஒன்றையொன்று ஒட்டியே இருந்தது கண்ணில் பட்டது. தேய்ந்த எஞ்சினில் பொதுவாக ஏதாவது ஒரு சிலிண்டராவது தனித்துத் தெரியும்.

சிலிண்டர் உள்ளே இழுப்பது தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான். கடல் மட்டத்தில் அந்தக் காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ.; சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் அது ஏறக்குறைய 11.2 தான். பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது எங்கே போனாலும் மாறாது. சுருக்குவதற்குக் கிடைக்கும் காற்றுதான் மலையில் அடர்த்தி குறைந்தது. கேஜும் சுற்றியுள்ள அழுத்தத்தையே பூஜ்யமாகக் கொண்டு காட்டுவதால், அதில் தெரியும் அளவு அதே விகிதத்தில், அதாவது 0.76 மடங்காக, இறங்கிவிடுகிறது. கையேட்டின் 175 இங்கே 133 ஆகும். 140 என்ற எல்லை 106 ஆகும். அப்படிப் பார்த்தால் பழுது என்று சொல்லப்பட்ட அந்த எஞ்சின் ஏறக்குறையப் புதிய எஞ்சினின் நிலையில் இருந்தது.

கணக்கை மட்டும் நம்பி விட்டுவிட மனம் ஒப்பவில்லை. வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி, எஞ்சின் சூடாக இருக்கும்போதே நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றி அளந்தோம். கேஜின் முள் துடிப்புக்கு ஒரு படியாக ஏறி, நான்கு சிலிண்டரிலும் 160-க்கும் 168-க்கும் இடையில் வந்து நின்றது. இழுவைக் குறைவுக்குக் காரணம் தேய்ந்துபோன கிளட்ச் தட்டு என்பது பிறகு தெரிந்தது. மலை ஊரில் வண்டி வைத்திருக்கும் எவரும் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்க்காமல் எஞ்சினைக் கழற்றச் சம்மதிக்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

நுவரெலியாவிலிருந்து:

அண்ணன் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் மலையைக் காரணம் காட்டியே உண்மையான பழுதைக் கடந்துபோகும் ஆபத்தும் இருக்கிறது. எனக்கு நேர்ந்தது அதுதான். எங்கள் ஊர் 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே எல்லா அளவுகளும் ஏறத்தாழ 0.8 மடங்காகக் குறையும். என் காரில் மூன்று சிலிண்டர்கள் 142, 140, 139 என்று காட்டின. நான்காவது 98-இல் நின்றுவிட்டது. "இந்த உயரத்தில் இப்படித்தான் இருக்கும்" என்று மெக்கானிக் சமாதானம் சொன்னார். உயரம் எல்லாச் சிலிண்டர்களையும் ஒன்றுபோலவே குறைக்குமே தவிர, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துக் குறைக்காது. மிகக் குறைந்த அளவு மிக அதிக அளவில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்ற பொதுவான விதிக்கும் அது கீழே இருந்தது. அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை விட்டு மறுபடி அளக்கச் சொன்னேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவை உயர்த்தியிருக்கும், அளவோ அசையவில்லை. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியபோது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் நகக்கண் அகலத்துக்கு எரிந்து அரித்த பள்ளம் தெரிந்தது.

லேயில் டீசல் வண்டி ஓட்டியவர்:

லே சுமார் 3,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 65 சதவீதமே. டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்று அங்கே பலர் வாதிட்டார்கள். ஸ்டார்ட்டர் மட்டும் எஞ்சினைச் சுழற்றும்போது டர்போவைச் சுற்ற வேண்டிய புகையே வெளிவருவதில்லை. ஆகவே டெஸ்டில் டர்போவும் சாதாரண எஞ்சினும் ஒன்றுதான். குளிரில் சோர்ந்த பேட்டரி எஞ்சினை மெதுவாகச் சுழற்றினால் அளவு மேலும் இறங்கும் என்பதால், பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்த பிறகே அளக்க வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து:

கணக்குப் போடுவோருக்கு ஒரு எச்சரிக்கை. கைப்பேசியின் வானிலைச் செயலி எங்கள் ஊருக்கும் 1,015 ஹெக்டோபாஸ்கல் என்பது போன்ற அளவையே காட்டும். ஏனெனில் அது கடல் மட்டத்துக்கு மாற்றப்பட்ட எண். இங்குள்ள உண்மையான அழுத்தம் 780-ஐ ஒட்டித்தான் இருக்கும். செயலியின் எண்ணை வைத்துப் பெருக்கினால் திருத்தமே கிடைக்காது. ஆகவே ஊரின் உயரத்தை எடுத்துக்கொண்டு, 1,000 அடிக்குச் சுமார் 3 சதவீதம் என்று கழிப்பதே எளிய வழி.