பிளஸ் ஒன் தங்கைக்கு இப்போதே என்ன செய்யலாம்?

நீடாமங்கலம் பக்கம் அரசுப் பள்ளி. கணிதம்-உயிரியல் குரூப். நான் ஐடிஐ, அப்பா விவசாயம். நுழைவுத்தேர்வுக் கோச்சிங்குக்குத் திருச்சி அனுப்பு என்கிறார்கள், குறுவைப் பணத்தை அதில் போடலாமா?

கும்பகோணத்தான்: அவசரப்படாதீர்கள். தமிழ்நாடு பொறியியல் கவுன்சலிங்குக்கு நுழைவுத்தேர்வே கிடையாது, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத இடஒதுக்கீடும் உண்டு, அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும்.

திருவாரூர் அக்கா: அதற்காகப் பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிடாதீர்கள் தம்பி, சில பள்ளிகளில் ஜூலையிலேயே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்துவிடுகிறார்கள், எரிச்சலாக இருக்கிறது. மருத்துவத்துக்கான நீட், ஐஐடி-என்ஐடிக்கான ஜேஇஇ இரண்டிலும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் வரும். தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசு நிறுவனமான நிஃப்டெமில் உணவுத் தொழில்நுட்பம் பி.டெக் படிக்க ஜேஇஇ மெயின் வேண்டும். நம்ம திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் நுழைவுத்தேர்வு. பக்கத்திலேயே இருந்தும் நிறைய பேர் விண்ணப்பிப்பதே இல்லை!

கேட்டவர்: அவளுக்கு வேளாண்மைதான் ஆசை, அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை.

கும்பகோணத்தான்: ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரிக்கு இருவரையும் ஒருநாள் கூட்டிப் போங்கள். பி.எஸ்சி. வேளாண்மை என்றால் வயலில் இறங்குவது மட்டுமில்லை, விதை நிறுவனம், வங்கி, வேளாண் துறை என்று போகலாம். அப்புறம், வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை என்றால் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவையில் இப்போதே விண்ணப்பம் போடுங்கள், கவுன்சலிங் நேரத்தில் கூட்டம் தாங்காது.