நான்கு வாட் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு இருவழி ஹாரன் ஸ்பீக்கர்: மைக்செட் யூனிட் பொருந்துமா?

திருநகரான்:

அனைவருக்கும் வணக்கம். பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய பி.இ.எல். (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) இ.எல்.84 வால்வுகளை வைத்து, பக்கத்துக்கு ஒரு வால்வு வீதம் சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கட்டி முடித்திருக்கிறேன். பக்கத்துக்கு நான்கு வாட் கிடைக்கிறது. இப்போது அதில் இணைத்திருப்பவை, ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல் தரும் சிறிய ஸ்பீக்கர்கள். வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் குறை சொல்வதற்கில்லை. நாகசுரக் கச்சேரியில் தவில் தனி தொடங்கியதும்தான் சிக்கல்: வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் ஓசை, ஈரச் சாக்கில் அடித்ததைப் போல மழுங்கிவிடுகிறது.

என் சித்தப்பா உசிலம்பட்டிப் பக்கம் மைக்செட் வைத்திருந்தவர். கூம்பு ஒலிபெருக்கிகளுக்குக் கெடுபிடி வந்த பிறகு பரணில் ஏற்றிய இரண்டு குழாய்களும் அவற்றின் பின்னால் ஒலி எழுப்பும் யூனிட்டுகளும் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. நான்கு வாட்டில் ஒரு தெருவையே எழுப்பக்கூடியவை அவை. அவற்றை மேல் அதிர்வெண்களுக்கும், 15 அங்குல ஊஃபரைக் கீழ் அதிர்வெண்களுக்கும் வைத்து இருவழிப் பெட்டி செய்தால் என் நான்கு வாட் போதுமா? எந்த இடத்தில் பிரிக்க வேண்டும்? அறை 12க்கு 14 அடி. மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்து கேட்பேன்.

பழைய ஆபரேட்டர்:

தம்பி, நான் தியேட்டரில் படம் ஓட்டியவன் என்பதால் இந்தக் கேள்வியைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. நம் மதுரை தங்கம் தியேட்டர் எழுந்த 1952-ஐ ஒட்டிய காலத்தில், வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் சில பத்து வாட்டுகளே தந்தன. இரண்டாயிரம் பேருக்கு மேல் அமரும் கொட்டகைகளை நிரப்பும் சுமையை ஸ்பீக்கர்தான் தாங்கியாக வேண்டியிருந்தது. ஆல்டெக் லான்சிங் நிறுவனம் 1945-இல் தியேட்டர்களுக்கென்றே கொண்டுவந்த ஸ்பீக்கர் வரிசையில் வந்த ஏ7 இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு: மேலே ஹாரன், கீழே 15 அங்குல ஊஃபர். அந்த ஊஃபருக்கு முன்னாலும் ஒரு குட்டை ஹாரன் வைத்திருந்ததை மறந்துவிடக் கூடாது, ஏனென்றால் உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

ஹாரன் போட்டால் பெட்டியின் திறன், அதாவது ஒரு வாட்டுக்கு அது தரும் ஒலி, கூடிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். இருவழிப் பெட்டியில் அப்படி நடப்பதில்லை. மேலே இருக்கும் யூனிட் 107 டெசிபல் தந்தாலும், கீழே ஊஃபர் 97 தந்தால், அந்தப் பெட்டி 97 டெசிபல் பெட்டிதான். மிச்சமுள்ள 10 டெசிபலை ரெசிஸ்டரில் சூடாக்கித் தொலைக்க வேண்டும். ஆகவே பணத்தையும் கவனத்தையும் முதலில் ஊஃபரில் போடுங்கள். 86-க்கும் 97-க்கும் உள்ள 11 டெசிபல் வேறுபாடு பன்னிரண்டு மடங்குக்கும் மேலான சக்திக்குச் சமம் என்பதால், 97 டெசிபல் ஊஃபரில் உங்கள் நான்கு வாட், இப்போதைய பெட்டியில் 50 வாட் செய்யும் வேலையைச் செய்யும். தவிலுக்கு அது தேவைதான். கச்சேரியின் சராசரியை 80 டெசிபலில் வைத்துக் கேட்டாலும் ஒவ்வொரு அடியின் முனையும் அதற்கு மேல் 15 டெசிபல் ஏறக்கூடும். உங்கள் இப்போதைய அமைப்போ இருக்கையை எட்டும்போது 90-ஐத் தொடுவதே சந்தேகம்.

சித்தப்பாவின் யூனிட்டுகளைப் பரணிலேயே விட்டுவிடுங்கள். பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்த அவை பொதுவாக ஆறேழு ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறுவதில்லை. தாளத்தின் ஓசை தகரத் தட்டாகிவிடும். ஒரு அங்குலத் தொண்டை உள்ள கம்ப்ரெஷன் டிரைவர் (ஹாரனின் பின்னால் பொருத்தும் ஒலி யூனிட்) வாங்கி, 1000 ஹெர்ட்ஸில் பிரியுங்கள். இரு பக்கமும் ஆக்டேவுக்கு 12 டெசிபல் சரிவு வேண்டுமென்றால், 8 ஓம் கணக்கில் 1.8 மில்லிஹென்றி காயிலும் 14 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் போதும். கண்டென்சர் இல்லாமல் டிரைவரை ஒருமுறைகூட ஆம்ப்ளிஃபயரில் தொட்டுப் பார்க்காதீர்கள். அப்படித் தொட்டு ஒரு டயஃப்ரத்தை (டிரைவருக்குள் அதிரும் மெல்லிய தகட்டை) நான் இழந்திருக்கிறேன். 10 டெசிபல் குறைக்க, டிரைவருக்குத் தொடரில் 5.5 ஓமும் குறுக்கே 3.7 ஓமும் போட்டால், கிராஸ்ஓவர் (அதிர்வெண்களைப் பிரிக்கும் இந்தக் காயில்–கண்டென்சர் சுற்று) பார்க்கும் சுமை 8 ஓமாகவே நிற்கும். காயிலை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மோட்டார் காயில் கட்டும் கடையில் 16-ஆம் எண் எனாமல் கம்பி எடைக்குக் கிடைக்கும்; இரும்புக் கரு இல்லாமல் நீங்களே சுற்றிவிடலாம்.

கடைசல் பட்டறை:

ஹாரனை மரத்திலேயே கடைந்துகொள்ளலாம் என்பது என் அனுபவம். 1000 ஹெர்ட்ஸில் பிரிப்பதானால் ஹாரனின் வெட்டு எல்லை, அதாவது அதற்குக் கீழே ஹாரன் வேலை செய்யாத அதிர்வெண், 400 ஹெர்ட்ஸாக இருக்கட்டும். எல்லைக்கு மிக அருகில் ஹாரனை வேலை வாங்கினால் மூக்கடைத்த குரல் வரும். 400 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 86 சென்டிமீட்டர். வாயின் சுற்றளவு அந்த அளவாவது இருக்க வேண்டும் என்பதால் விட்டம் 27 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வரும். எக்ஸ்பொனென்ஷியல் வளைவில் ஒரு அங்குலத் தொண்டையிலிருந்து அந்த வாயை எட்ட 32 சென்டிமீட்டர் நீளம் ஆகிறது.

இதைச் செய்ய நான் கண்ட எளிய வழி, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் வளையங்கள் அறுத்து அடுக்குவது. பதினெட்டு வளையங்களை ஒட்டினால் நீளம் 32.4 சென்டிமீட்டர், கச்சிதமாக அமைந்துவிடுகிறது. 25.4 மில்லிமீட்டரில் தொடங்கி, ஒவ்வொரு வளையத்தின் உள்விட்டமும் முந்தையதைவிட 14 சதவீதம் கூட வேண்டும்: 29, 33, 37.7 என்று போகும். பசை காய்ந்த பிறகு கடைசல் பிடித்துப் படிகளைக் கரைத்து, தேய்ப்புத்தாளால் இழைத்துவிட்டால் கை வைத்த இடமெல்லாம் வழுக்கும். மலிவான பலகை எடுக்காதீர்கள். உள்ளே பொத்தல் உள்ள பலகை உளி பட்டதும் பிய்ந்துகொள்ளும். அப்படி இரண்டு வளையங்கள் பறந்து என் ஜன்னல் கண்ணாடி போனது.

இந்த வாயின் அகலமும் 15 அங்குல ஊஃபரின் கூம்பும் அடுத்தடுத்த அளவில் இருப்பதால், பிரியும் இடத்தில் இரண்டும் ஒலியை ஏறத்தாழ ஒரே கோணத்தில் விரிக்கும். உச்ச அதிர்வெண்களில் வட்ட ஹாரன் ஒலியை ஒரே நேராகக் குவிக்கும் என்பதால், நடு இருக்கைக்காரருக்கே முழு விருந்து.

திருநகரான்:

இருவருக்கும் மிக்க நன்றி. ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்டை அளந்தேன்: சுமை இல்லாமல் 2.1 வோல்ட், 8 ஓம் ரெசிஸ்டர் போட்டதும் 1.6 வோல்ட். ஊஃபரைத் தேர்ந்தெடுக்கும்போது இது கணக்கில் வருமா?

பழைய ஆபரேட்டர்:

கட்டாயம் வரும், நல்ல வேளை அளந்தீர்கள். அந்த இரண்டு எண்களிலிருந்து உங்கள் ஆம்ப்ளிஃபயரின் உள்தடை 2.5 ஓம் என்று தெரிகிறது. ஊஃபர் காயிலின் தடை 5.5 ஓம், கிராஸ்ஓவர் காயிலுக்கு அரை ஓம் என்று வைத்துக்கொண்டால், தயாரிப்பாளர் தாளில் மின் கியூ (கூம்பின் அதிர்வை மின்வழியே அடக்கும் அளவு; எண் கூடினால் அடக்கம் குறையும்) 0.30 என்று போட்டிருக்கும் ஊஃபர் உங்கள் வீட்டில் 0.46 போல நடந்துகொள்ளும். டி.ஜே. கடைகளில் அடுக்கியிருக்கும் கனத்த கூம்புள்ள சப்ஊஃபர் வகை இதில் ஏறினால் பானைக்குள் பேசுவதைப் போல பாஸ் இழுக்கும். லேசான காகிதக் கூம்பும், மடிப்பு வைத்த துணி விளிம்பும், வலுவான காந்தமும் உள்ளதைத் தேடுங்கள். பெட்டி நூறு லிட்டருக்குக் குறைய வேண்டாம். பெரிய பெட்டி வீட்டில் ஒத்துவராது என்றால், ஆழ்ந்த பாஸையோ திறனையோ விட்டுக்கொடுக்க வேண்டும்; மூன்றும் ஒருசேரக் கிடைப்பதில்லை.

இவ்வளவு திறனுள்ள பெட்டி ஆம்ப்ளிஃபயரின் ஹம்மையும் (மின்சாரத்தால் வரும் ரீங்காரத்தையும்) எடுத்துக் காட்டும். ஸ்பீக்கர் முனையில் ஹம் ஒரு மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் அது காதுக்கு எட்டாது; ஐந்து என்றால் இரவில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

கடைசி வேலை, ஹாரனை எவ்வளவு பின்னே தள்ளி வைப்பது என்பது. ஹாரனைப் பெட்டியின் மேல் திருகாமல் சும்மா வையுங்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, டிரைவரின் இரு வயர்களையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்து, எந்த இணைப்பில் ஒலி குறைகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் இருக்கையில் அமர்ந்துகொண்டு, வேறொருவரை ஹாரனை விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்தச் சொல்லுங்கள். ஓரிடத்தில் ஒலி கிட்டத்தட்ட அடங்கிப்போகும். அங்கே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு, வயர்களை மாற்றி இணைத்துவிட்டுத் திருகாணி போடுங்கள்.